ரிசப்ஷனுக்கு ஜாஸ்?

திவ்யா: ரிசப்ஷனுக்கு ஜாஸ் குழு பேசியாச்சு. 4 பேர். "நாங்க மெயின்ஸ்ட்ரீம்தான்"னு சொன்னாங்க, அதனால எல்லாருக்கும் புரியும் 😊

பாலா அண்ணா: போச்சு

விஜி சித்தி: ஜாஸ் எப்போ மெயின்ஸ்ட்ரீம் ஆச்சு? லிஃப்ட்ல போடுவாங்களே, அதானே?

மோகன் மாமா: திவ்யா, அவங்க சொன்னதுக்கு அர்த்தமே வேற. 'மெயின்ஸ்ட்ரீம் ஜாஸ்' ஒரு பாணியோட பேரு. 1950-கள்ல ஸ்டான்லி டான்ஸ்னு ஒரு விமர்சகர் வச்சது. பழைய டிக்ஸிலேண்ட் ஜாஸும் இல்லாம, புது பீபாப் ஜாஸும் இல்லாம, நடுவுல ஸ்விங்ங்கிற ஜாஸ் பாணியை விடாம வாசிச்சவங்களுக்கு. ஊரே கேக்குதுன்னு அர்த்தம் இல்ல.

திவ்யா: ஐயோ

பாலா அண்ணா: மாமா வந்துட்டார். இனி 9 மணி வரை இதான்

மோகன் மாமா: ஊரே கேட்ட காலமும் உண்டு. சுமார் 1935-லேருந்து 45 வரை அமெரிக்காவுல ஸ்விங்தான் சினிமாப் பாட்டு மாதிரி. காரணம், அது ஆடுற இசை. அப்புறம் 1944-ல ஆட்டமும் பாட்டும் நடக்கிற இடங்களுக்கு வரி போட்டாங்க, முதல்ல 30%, பிறகு 20%. வெறும் வாத்தியத்துக்கு வரி கிடையாது. பெரிய குழுவுக்குச் செலவு தாங்கல. சின்னக் குழு, உக்காந்து கேக்கிற பீபாப். ஆடுறவங்க வேற இசைக்குப் போயிட்டாங்க.

கீதா அத்தை: என்னங்க, சாவி எங்க வச்சீங்க

பாலா அண்ணா: ஆனா 1964-ல ஜாஸ் பாடகர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 62 வயசுல பீட்டில்ஸைத் தள்ளிட்டு அமெரிக்கப் பாட்டு வரிசையில முதலிடம் வந்தாரே? 1961-ல 'டேக் ஃபைவ்'னு ஒரு ஜாஸ் பாட்டு 25-ஆவது இடம். அதுவும் ஒரு தாளச் சுற்றுக்கு 5 தட்டு!

மோகன் மாமா: ஒண்ணு ரெண்டு பாட்டு உள்ள வந்துது. வகை வரல. கீதா, டிவி மேல.

விஜி சித்தி: அண்ணா, ஆமாவா இல்லையா? ஒரு வார்த்தை

மோகன் மாமா: இருந்துது. இப்ப இல்ல.

விஜி சித்தி: அது மூணு வார்த்தை

திவ்யா: சரி, அட்வான்ஸ் குடுத்தாச்சு. இப்ப என்ன பண்றது

மோகன் மாமா: நேரத்தைக் கேளு. பெரும்பாலான பாட்டு ஒரு சுற்றுக்கு 32 பார், ஒரு பாருக்கு 4 தட்டு. நிமிஷத்துக்கு 160 தட்டுன்னா ஒரு சுற்று 48 விநாடி. முதல்லயும் கடைசியிலயும் மெட்டு, நடுவுல 4 பேரும் ரெண்டு ரெண்டு சுற்று சோலோன்னா மொத்தம் 10 சுற்று, 8 நிமிஷம். நின்னுட்டுப் பேசறவங்களுக்கு மூணாவது நிமிஷமே மெட்டு மறந்துடும். ஒருத்தர் மட்டும் ஒரு சுற்று சோலோ போதும்னு சொல்லு, 2 நிமிஷம் 24 விநாடி. பழைய 10 அங்குல 78 ஆர்பிஎம் இசைத்தட்டுல அவ்ளோதான் அடங்கும், ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிஷம். நிறைய நேரம் ஓடுற எல்பி இசைத்தட்டு வந்தது 1948-ல, ரெக்கார்டுல நீட்டி முழக்கினது பெரும்பாலும் அதுக்கப்புறம்தான்.

பாலா அண்ணா: மாமாவோட எல்பி எப்ப வந்துது

கீதா அத்தை: 😂😂 டிவி மேல இல்ல

மோகன் மாமா: டிரம்ஸ்காரர் குச்சிக்குப் பதிலா பிரஷ் வச்சிக்கணும், இல்லன்னா பக்கத்துல பேச முடியாது. டபுள் பாஸை ஸ்பீக்கர் முன்னாடி நிறுத்தாதே, அதோட மரப்பெட்டி ஸ்பீக்கர் சத்தத்தை வாங்கித் திருப்பி மைக்குக்கே குடுக்கும், ஹூம்னு ஊளையிடும். கை தட்டினா நாலு தட்டுல 2-லயும் 4-லயும். நம்ம கூட்டம் 1, 3-லதான் தட்டும். தட்டினா ஸ்விங் செத்துது.

விஜி சித்தி: போன விசேஷத்துல என் லிஸ்ட்ல ஒண்ணு கூட வாசிக்கல. யாரும் மறக்கல

பாலா அண்ணா: ஆரம்பிச்சாச்சு

திவ்யா: சித்தி, லிஸ்ட் அனுப்புங்க. 2 நிமிஷப் பாட்டா மட்டும்

விஜி சித்தி: ஜாஸ்ல வாசிப்பாங்களா?

மோகன் மாமா: இசைக்குறிப்பைத் தாள்ல எழுதி முன்னாடியே குடுத்தா வாசிப்பாங்க. சுருதியும் சொல்லணும், ஆல்ட்டோ சாக்ஸுக்கு வேற சுருதியில மாத்தி எழுதணும், பியானோவுல சி-ன்னா அதுக்கு ஏ

பாலா அண்ணா: பேசாம பாதி நேரம் டிஜே போடலாமா

திவ்யா: அதை அப்பாகிட்ட நீயே கேளு

கீதா அத்தை: சாவி கிடைச்சுது. இவர் சட்டைப் பையில