ஈதர் இல்லாமல் வினையூக்கி திரும்புமா?

செம்பனைக்காரன்:
கரையும் பாலிமரில் கட்டிய வினையூக்கியைச் செலவின்றி மீட்டு, சுற்றுச்சூழலுக்குக் கேடின்றி மறுபடி பயன்படுத்தலாம் என்று பால்மங்கு எழுதியிருப்பதைப் படித்தேன், சிரிப்புத்தான் வந்தது. பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற கரையும் பாலிமரில் கட்டினால், கரைசலிலிருந்து அதை வீழ்படிவாக்கப் பல மடங்கு ஈதர் என்ற, எளிதில் ஆவியாகும் திரவத்தை ஊற்ற வேண்டும். அந்த ஈதர் யார் கணக்கில் சேரும்?

பால்மங்கு:
ஐயா, 1963-இல் வேதியியலாளர் மெரிஃபீல்டு கையாண்ட கரையாத பிசின் மணிகளில், வினைபடுபொருள் மணிக்குள் ஊடுருவிச் செல்லவே நேரம் பிடிக்கும். கரையும் பாலிமரில் அந்தத் தடை இல்லை. டெக்சஸில் வேதியியலாளர் பெர்க்பிரைட்டரின் குழுவினர் பாலிஎத்திலீனில் கட்டிய ரோடியம் உலோக வினையூக்கி, சூடான டொலுயீன் கரைப்பானில் கரைந்து வேலை செய்து, ஆறியதும் தூளாக அடியில் விழுந்தது. இதில் ஈதர் எங்கே வந்தது?

செம்பனைக்காரன்:
நான் கிளைக்காலைக் கேட்டால் நீங்கள் வேறொரு பாலிமரான பாலிஎத்திலீனைக் காட்டுகிறீர்கள். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி செல்சியஸ். மலேசியாவின் சுங்கை சிப்புட் நண்பகல் வெயிலில், தகரக் கூரை போட்ட ஸ்டோரில் அதை வைத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

தைப்பிங்மழை:
இருவருமே உலோகத்தை மறந்துவிட்டீர்கள். திரும்பி வந்தது பாலிமர் மட்டுமா, அதனோடு ரோடியமும் வந்ததா? சுற்றுக்கு 95 விழுக்காடு மீண்டாலும், 10 சுற்றுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் மிஞ்சும்.

செம்பனைக்காரன்:
கணக்கு இருக்கட்டும், ஈதருக்கு வாருங்கள். எண்ணெய்க்கு ஹைட்ரஜன் ஏற்றும் ஆலைகளில் நிக்கல் தூளை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். அங்கே எவரும் ஈதரைத் தேடுவதில்லை.

பால்மங்கு:
நிக்கல் தூள் முதலிலிருந்தே திண்மம். இங்கே பேசுவது கரைந்து வேலை செய்யும் வினையூக்கியைப் பற்றி. ரப்பர்ப் பாலை உறைய வைக்க பார்மிக் அமிலம் எதற்கு, சல்பூரிக் அமிலமே போதும் என்று இதே குழுவில் வாதாடியவருக்கு இந்த வேறுபாடு விளங்காததில் எனக்கு வியப்பில்லை.

செம்பனைக்காரன்:
விலையைப் பார்த்துச் சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். நீங்கள் ரப்பர்ப் பால் மங்கு கழுவிய காலத்தில் நான் ஆலை ஆய்வகத்தில் இருந்தவன், தம்பி. ஈதருக்குப் பதில் எங்கே?

தைப்பிங்மழை:
ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் 1984 முதல், நீரில் கரையும் ரோடியம் வினையூக்கியைக் கொண்டு புரொப்பிலீனிலிருந்து பியூட்டிரால்டிஹைடு செய்கிறார்கள். விளைபொருள் உள்ள எண்ணெய்ப் பகுதி, வினையூக்கி உள்ள நீரிலிருந்து தானாகப் பிரிந்துவிடுகிறது.

செம்பனைக்காரன்:
அதில் பாலிமரே இல்லையே!

பால்மங்கு:
ஈதரும் இல்லை, ஐயா.

செம்பனைக்காரன்:
கிளைக்காலுக்கு ஈதர் உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.