கார்டில் விழும் "ஹோல்ட்": தமிழில் என்ன சொல்லலாம்?

கா. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹோட்டலில் தங்குவோருக்கு வேண்டிய ஆங்கிலத்தைத் தமிழில் விளக்கும் நம் கையேட்டில் செக்-இன் பகுதி ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறது. வரவேற்பு மேசையில் "வீ வில் பிளேஸ் எ ஹோல்ட் ஆன் யுவர் கார்டு" என்பார்கள். வரைவில் இதற்கு "முன்பணம்" என்று போட்டிருக்கிறது. அது பொருந்தாது. முன்பணம் என்றால் பணம் கைமாறிவிட்டது. இங்கே கைமாறுவதில்லை. வாடகையோடு மினிபார், சலவை போன்ற இதரச் செலவுக்கும் ஒரு தொகை சேர்த்து, அதை வேறெதற்கும் செலவழிக்க முடியாதபடி வங்கி ஒதுக்கிவைக்கிறது. வாடகையை முன்பதிவின்போதே கட்டியிருந்தாலும் இதரச் செலவுக்கென்று ஹோல்ட் விழக்கூடும்.

முன்னனுமதி (வங்கிகள் சொல்லும் "ப்ரீ-ஆத்தரைசேஷன்"), நிறுத்திவைப்பு, பிடித்தம் ஆகிய மூன்றும் கையில் இருக்கின்றன. எது தேறும்?

ம. எழுதியது:

பிடித்தம் வேண்டவே வேண்டாம். சம்பளத்தில் பிடித்தம் என்றால் போனது போனதுதான். செல்போனில் வங்கிச் செய்தி வந்ததும் "பணத்தை எடுத்துவிட்டார்கள்" என்று பயணி பதறுவதே இந்தக் குழப்பத்தால்தான்; அதை நாமே சொல்லில் ஏற்றிவைக்கக் கூடாது.

முன்னனுமதி வங்கிக்குள் சரி. வெளியே வந்தால் யார் யாருக்கு அனுமதி கொடுத்தார் என்றே தெரியாது. "முன்னனுமதியின்றி உள்ளே வரக்கூடாது" என்ற பலகைதான் கண்முன் வரும்.

எந்தச் சொல் வைத்தாலும் டெபிட், கிரெடிட் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். கிரெடிட் கார்டில் குறைவது கடன் வரம்பு மட்டும். டெபிட் கார்டில் சொந்தக் கணக்கிலிருந்தே எடுக்கக்கூடிய இருப்பு குறைகிறது. அன்றைக்குப் போகவேண்டிய மாதத் தவணை திரும்பிவிடலாம். ஆகவே "வரம்பு" என்று தொடங்கும் எந்தக் கூட்டுச்சொல்லும் பாதிதான் சொல்லும்.

செ. எழுதியது:

"மறிப்பு" எப்படி? தொகையை மறித்து வைக்கிறார்கள், மறிப்பு, மறிப்புத்தொகை, மறிப்பை விடுவித்தல். வினையாகவும் பெயராகவும் வளைகிறது. நிறுத்திவைப்பு அப்படி வளையாது. தேர்வு முடிவை நிறுத்திவைத்ததுபோல் ஏதோ தப்பு நடந்த தொனியும் அதில் உண்டு. அணையில் மறித்த தண்ணீர் ஓடியும் போகவில்லை, இறைக்கவும் கிடைக்காது. அதே நிலைதான் இது.

ம. எழுதியது:

வழிமறிப்பு, சாலை மறியல் எல்லாம் நினைவுக்கு வருமே?

செ. எழுதியது:

வரட்டும். பயணியின் பார்வையில் அது கொஞ்சம் வழிமறிப்புத்தான். :-)

த. எழுதியது (வரவேற்பு மேசைப் பக்கத்திலிருந்து):

மறிப்புக்கு என் ஆதரவு. ஆனால் ஒற்றைச் சொல்லாக வைத்தால் பயன் குறைவு, மூன்றாக வையுங்கள். ஹோல்ட் - மறிப்பு, சார்ஜ் - வசூல், டெபாசிட் - பிணைத்தொகை. மேசையில் இருப்பவர்களே மறிப்பையும் "டெபாசிட்" என்றுதான் சொல்வார்கள். அதனால் பயணிக்கு முதலில் கற்றுத்தர வேண்டிய வாக்கியம் "ஈஸ் இட் எ ஹோல்ட் ஆர் எ சார்ஜ்?" அடுத்தது "ஹவ் மச், இன் டோட்டல்?" ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு, தங்கும் இரவுகளால் பெருக்கி மறிக்கும் இடங்கள் உண்டு.

சிக்கல் பெரும்பாலும் செக்-அவுட்டில்தான் வரும். முறைப்படி, ஏற்கெனவே மறித்த தொகையிலிருந்தே பில்லை வசூலித்து மீதியை விடுவிக்க வேண்டும். அவசரத்தில் கார்டை மறுபடி தேய்த்துப் புதிய வசூலாகப் போட்டுவிட்டால், பழைய மறிப்பும் நிற்கும், புதிய வசூலும் நிற்கும். இரண்டு முறை பணம் எடுத்ததாகத் தெரிவது இதனால்தான். ரொக்கமாகவோ வேறு கார்டிலோ கட்டினாலும் இதே கதை. அங்கே சொல்ல வேண்டியது: "ப்ளீஸ் ரிலீஸ் த ஹோல்ட் ஆன் த ஃபர்ஸ்ட் கார்டு." கூடவே "கேன் ஐ ஹேவ் த ஆத்தரைசேஷன் கோடு?" என்று கேட்டு, மறிப்புக்கு வங்கி தந்த அந்த அனுமதி எண்ணை வாங்கிக்கொண்டால், வங்கியில் பேசும்போது எந்த மறிப்பு என்று தேடவேண்டியிருக்காது.

தங்கும் நாளை நீட்டித்தால் இன்னொரு மறிப்பும் விழலாம். அதைக் "கூடுதல் மறிப்பு" என்றால் போதும்.

ம. எழுதியது:

த. சொன்னதற்குப் பிறகு மறுப்பதற்கில்லை. ஒரு திருத்தம் மட்டும். "விடுவித்தல்" என்ற சொல்லுக்கான பதிவில், ஹோட்டல் விடுவித்த உடனே பணம் கணக்கில் தெரிந்துவிடும் என்று எழுதாதீர்கள். ஹோட்டல் தன் பக்கம் விடுவித்தாலும் வங்கி பல நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். டெபிட் கார்டில் இந்தத் தாமதம் வலிக்கும். வெளிநாட்டு நாணயமாக இருந்தால், மறித்த அன்றைய மாற்று விகிதமும் வசூலித்த அன்றைய விகிதமும் வேறாக இருக்கலாம். தொகை சரியாக ஒத்துப்போகவில்லை என்பதற்காகச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

கா. எழுதியது:

நன்றி. பதிவை இப்படி மாற்றுகிறேன்:

மறிப்பு (பெ.): தங்குபவரின் கார்டில், பில் தொகைக்கு உறுதியாக ஹோட்டல் கேட்டு வங்கி ஒதுக்கிவைக்கும் தொகை; இது வசூல் அல்ல. வினை: மறித்துவை. எதிர்: விடுவி. ஒப்பிடுக: வசூல், பிணைத்தொகை.

"இன்சிடென்டல்ஸ்" என்பதற்கு "இதரச் செலவுகள்" என்றே விடுகிறேன். ஏற்கெனவே புழங்கும் சொல்லைக் கலைக்க வேண்டாம். அடுத்து "நோ-ஷோ", அதாவது முன்பதிவு செய்துவிட்டு வராமல் போவது. "வராமை" என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். "வராமைக் கட்டணம்" என்று படித்தால் எனக்கு உறுத்தவில்லை. ரத்துக் கட்டணத்தோடு குழம்புமா என்று த. பார்த்துச் சொல்லவும்.