பால் புரதப் பொடியும் அழற்சியும்: நேரில் பார்த்தவை

உணவியலாளர்:
"பொடி குடிக்கத் தொடங்கியதிலிருந்து உடம்பெல்லாம் அழற்சி" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது வெறும் உப்புசம். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது. பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவை விடுகின்றன. வயிறு கல் மாதிரி இருக்கும், ஆனால் குடல் சுவர் புண்ணாவதில்லை.

நான் முதலில் கேட்பது, எதில் கலக்குகிறீர்கள் என்று. பாலைத் திரித்தால் பிரியும் நீரிலிருந்து எடுப்பது வே புரதம்; அதன் சாதாரணப் பொடியான வே கான்சென்ட்ரேட் 30 கிராமில் லாக்டோஸ் ஏறக்குறைய 1 முதல் 2.5 கிராம்தான். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பலர் ஒரே வேளையில் 12 கிராம் வரை தாங்கிவிடுவார்கள். அதே பொடியை 300 மில்லி பாலில் கலந்தால் பாலிலிருந்தே 14 கிராம் சேர்கிறது. பழி மட்டும் பொடிக்கு! இன்னும் சுத்திகரித்த பொடியான ஐசோலேட்டில் லாக்டோஸ் 1 சதவீதத்துக்கும் கீழே. அதைத் தண்ணீரில் குடித்தும் வயிறு ஊதினால் டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள்: இனுலின் என்ற நார்ச்சத்து, இனிப்புக்குச் சேர்க்கும் சார்பிட்டால், மால்டிட்டால், கெட்டியாக்கச் சேர்க்கும் குவார் கம். பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும்.

ஆய்வகப் பணியாளர்:
அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் புரதம் சிஆர்பி. அந்தப் பரிசோதனை எடுக்க வருகிறவர்கள் முதல் நாள் கால்களுக்குக் கடும் பயிற்சி செய்துவிட்டு வருகிறார்கள். தசை நார்கள் கிழிந்த மறுநாள் சிஆர்பி ஏறத்தான் செய்யும். குறைந்தது 2 நாள், முடிந்தால் 3 நாள் கடும் பயிற்சி கூடாது. சளி, காய்ச்சல், பல் பிடுங்கியது எதுவானாலும் 2 வாரம் போகட்டும்.

நுட்பமாக அளக்கும் 'ஹெச்எஸ்-சிஆர்பி' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். சாதாரண சிஆர்பி சிறிய அளவுகளைப் பிரித்துக் காட்டாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். இது இதய நோய் அபாயத்தை மதிப்பிட வைத்த அளவுகோல். 10க்கு மேல் போனால் தொற்றோ காயமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். அலகையும் கவனியுங்கள்: சில அறிக்கைகளில் டெசிலிட்டருக்கு 0.5 என்று இருக்கும், அது லிட்டருக்கு 5. இரண்டையும் பக்கத்தில் வைத்து "பொடியால் பத்து மடங்கு ஏறிவிட்டது" என்று பதறுகிறவர்கள் உண்டு.

ஒரே ஆளுக்கே இந்த எண் நன்றாக ஆடும். பொடி தொடங்குவதற்கு முன் 2 வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். பிறகு 8 வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில், மறுபடி இரண்டு முறை. 1.2 இருந்தது 1.7 ஆனால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

ஊட்டச்சத்து ஆய்வுப் பக்கத்திலிருந்து:
பொடியைப் பழிக்கிறவர்கள் மட்டுமல்ல, அதைப் புகழ்கிற எதிர்த்தரப்பும் மிகைப்படுத்துகிறது. "வே அழற்சியைக் குறைக்கும்" என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் மெலிது. சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், மொத்தமாகப் பார்த்தால் சிஆர்பியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நாளுக்கு 20 கிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள், தொடக்கத்திலேயே சிஆர்பி 3ஐத் தொட்டிருந்தவர்கள் ஆகிய பிரிவுகளில் மட்டும் கொஞ்சம் இறங்கியது. இடுப்புச் சுற்றளவு குறைந்தால் சிஆர்பி இறங்குவது இதைவிடத் தெளிவான சங்கதி. அதற்குப் பொடி துணை செய்யலாம், அவ்வளவுதான்.

உணவியலாளர்:
பிரித்துப் பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். 2 வாரம் பொடியை முழுதாக நிறுத்துங்கள், மற்ற உணவு மாறக் கூடாது. பிறகு அதே பொடியில் அரை ஸ்கூப், ஏறத்தாழ 15 கிராம், 250 மில்லி தண்ணீரில், சாப்பாட்டுக்குப் பின் 3 நாள். தொந்தரவு இல்லையென்றால் முழு ஸ்கூப் 4 நாள். தொந்தரவு வந்தால் சுவையூட்டாத ஐசோலேட்டுக்கு மாறி இதையே மறுபடி செய்யுங்கள். அதிலும் வந்தால் பட்டாணிப் புரதம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிராண்ட், அளவு, குடிக்கும் நேரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மருத்துவர்:
மேலே சொன்ன சோதனை பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அல்ல. குடித்த சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் அது லாக்டோஸ் பிரச்சினை இல்லை. பால் புரதங்களான கேசினோ பீட்டா-லாக்டோகுளோபுலினோ காரணமாக இருக்கலாம். மூச்சு திணறினால் உடனே அவசர சிகிச்சை. ஐசோலேட் என்பது பீட்டா-லாக்டோகுளோபுலின் போன்ற வே புரதங்களின் செறிவு, ஆகவே இவர்களுக்கு அது இன்னும் மோசம். புரதத்தை முன்கூட்டியே உடைத்து விற்கும் ஹைட்ரோலைசேட்டும் (கடையில் கிடைப்பது) பாதுகாப்பல்ல, அரைகுறையாக உடைந்த புரதத்துண்டுகள் போதும். இரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புரதத்தை அளந்து 'ஒத்துக்கொள்ளாத' உணவுகளைப் பட்டியலிடும் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். அது நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான் காட்டும்.

தோல் மருத்துவர்:
முதுகிலும் தாடையிலும் புதிதாகப் பரு வந்தால் பொடியைச் சந்தேகிக்கலாம். வே இன்சுலினை நன்றாகத் தூண்டும். ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோன் வகைப் பொருள் வழியாக எண்ணெய்ச் சுரப்பிகள் மும்முரமாகின்றன. எல்லோருக்கும் வருவதில்லை. நிறுத்தினால் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், ஒரு வாரத்தில் முடிவு கட்டாதீர்கள்.

மருந்தாளுநர்:
மூட்டுவலி, அசதி, உடம்பு கனத்தல் என்று வருகிறவர் தைராய்டு மாத்திரை போடுகிறாரா என்று கேளுங்கள். தைராய்டு மாத்திரையான லீவோதைராக்சினை விழுங்கியதும் காலையிலேயே ஷேக் குடித்தால் மாத்திரை உறிஞ்சப்படுவது குறையும், தைராய்டு குறைந்தால் ஏறும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் ஏறும், அந்த அசதிக்கு அழற்சி என்று பெயர் வைப்பார்கள். மாத்திரை வெறும் வயிற்றில், ஷேக் 4 மணி நேரம் கழித்து. பழக்கத்தை மாற்றி 6 வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் எடுக்கும் நாட்களிலும் பொடிக்கு இடைவெளி வேண்டும், பாலின் கால்சியம் அந்த மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும்.