புதுப்பிப்பு: எல்லாப் பொறுப்பும் ஒன்றாக வந்து விழுந்தபோது

அப்பாவின் அறுவை சிகிச்சை, அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு, மகளின் தேர்வு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து தூக்கமே போய்விட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். "மனதில் ஓடுவதையெல்லாம் தாளில் எழுதுங்கள்" என்று பலர் சொன்னீர்கள். எழுதினேன். அப்புறம் என்ன ஆனது என்று கேட்டவர்களுக்காக இது.

வெறும் பட்டியலைப் பார்த்தால் பயம்தான் கூடியது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடுத்த சின்ன வேலையையும் நேரத்தையும் எழுதிய பிறகே மனம் லேசானது. ‘அப்பா மருந்து’ என்றிருந்ததை ‘புதன் காலை டாக்டருக்கு போன் செய்து மாத்திரை அளவைக் கேட்க வேண்டும்’ என்று மாற்றினேன். அந்த நினைப்பு அன்று இரவு என்னை எழுப்பவில்லை.

முடிக்காமல் விட்ட வேலை மனதில் ஒட்டிக்கொள்ளும் என்று உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-லேயே எழுதினார். மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு ஆறுதல்: வேலை முடியாவிட்டாலும், அதை எப்போது, எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த நச்சரிப்பு அடங்கிவிடுகிறதாம்.

படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுகிறேன். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும்.

தம்பியிடம் "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று பொதுவாகச் சொல்லாமல், அப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது முழுக்க உன் பொறுப்பு என்றேன். "சரிக்கா, தேதியை அனுப்பு" என்றான்.

கணக்கு வேலை மட்டும் பாக்கி. மேலாளரிடம் அவகாசம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.