தையில் விதைத்த கேரட், தழை மட்டும் முழங்கால் உயரம்! எங்கே தப்பு?

கோட்டையூர்க் கொல்லை:
பொங்கல் முடிந்த மறுவாரம் கொல்லையில் ஒரு பாத்தி கேரட் விதைத்தேன். பங்குனி கடைசி ஆகிவிட்டதே என்று நேற்றுப் பத்துச் செடி பிடுங்கினால், எல்லாம் சுண்டுவிரல் நீளம். வெளிறிய நிறம், நடுவில் குச்சி மாதிரி கட்டை, கடித்தால் கசப்பு. போன வருடம் இதே பாத்தியில், இதே ரக விதையைக் கார்த்திகையில் போட்டு மாசியில் ஒரு கூடை எடுத்தேன். சாணி உரம் பத்தவில்லையோ?

புதுவயல் தம்பி:
நம்ம பக்கம் சரளை மண்தானே அக்கா. கல் தட்டினால் வேர் கவட்டையாகப் பிரியும். மண்ணைச் சலித்தீர்களா?

கோட்டையூர்க் கொல்லை:
சலித்து மணலும் கலந்தேன் தம்பி. ஒன்றுகூடப் பிரியவில்லை. ஒற்றைக் கால்தான், குட்டைக் கால்.

தேவகோட்டை மாடித்தோட்டம்:
அப்படியானால் மண்ணை விடுங்கள், விதைத்த நாள்தான் காரணம். கேரட் வேர் பருத்து நிறம் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வேண்டும். நமக்கு அவ்வளவு குளிர் ஏது? ஆனால் மார்கழி, தையில் ராத்திரியாவது இறங்கும். முதலில் தழை, பிந்திய பாதியில்தான் வேர் பருக்கும். உங்களுக்கு அந்தப் பாதி மாசிக் கடைசியிலும் பங்குனி வெயிலிலும் போய்விட்டது. சூட்டில் செடி, தான் செய்த சத்தைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். வேருக்கு வருவது மிச்சம் மீதிதான். இன்னும் சாணி போட்டிருந்தால் தழைதான் இடுப்பு வரை வந்திருக்கும்.

புதுவயல் தம்பி:
அப்போ ஐப்பசியிலேயே போட்டால்?

தேவகோட்டை மாடித்தோட்டம்:
மாடிக்கு வருமுன் தரையில் அதையும் செய்து பார்த்தேன். அடைமழையில் விதை அடித்துப்போய் வாய்க்கால் ஓரத்தில் முளைத்திருந்தது! கார்த்திகையில் மழை இரண்டு நாள் விட்டதும் போடுங்கள். அரை விரல்கடைக்கு மேல் ஆழம் வேண்டாம். மேலே ஈரச் சாக்கு. முளைக்க 10, 15 நாள்கூட ஆகும். ஒரு வாரத்திலிருந்து தினம் சாக்கைத் தூக்கிப் பாருங்கள், முளை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். அப்புறம் மூன்று விரல் இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நடாதீர்கள், ஆணிவேர் கோணிவிடும். விதை வாங்கும்போது நான்டிஸ் வேண்டாம், அது குளிருக்கானது. பூசா கேசர், பூசா மேகாலி சூடு தாங்கும்.

கோட்டையூர்க் கொல்லை:
என்னிடம் இருந்தது நான்டிஸ்தான் அண்ணே. பாத்தியில் மிச்சம் இருப்பதை இன்னும் ஒரு மாதம் விட்டுப் பார்க்கவா?

தேவகோட்டை மாடித்தோட்டம்:
சித்திரையில் இன்னும் கட்டைதான் ஏறும். பிடுங்கிவிட்டுக் கொத்தவரை போடுங்கள்.

கோட்டையூர்க் கொல்லை:
சரி. பிடுங்கிய பத்தையும் மாமியார், அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் மண்டிக் குழம்பில் போட்டுவிட்டார். புளியில் கசப்பு தெரியவில்லை.