புதுப்பிப்பு: அக்காவின் கணைய அழற்சிக்குக் காரணம் தெரிந்துவிட்டது

அக்காவைக் கணைய அழற்சியோடு (செரிமான நீரைச் சுரக்கும் கணையம் வீங்கிப் புண்ணாவது) மருத்துவமனையில் சேர்த்தபோது, "மதுவையே தொடாதவளுக்கு இது எப்படி வந்தது?" என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: பித்தப்பைக் கல்.

ஸ்கேனில் பித்தப்பை முழுக்கப் பொடிப்பொடிக் கற்கள். பெரிய கல்லைவிட இவைதான் சுலபமாக நழுவிக் குழாயில் இறங்குமாம். பித்தக்குழாயும் கணையக்குழாயும் சிறுகுடலில் ஒரே வாயில் போய்ச் சேர்கின்றன. அங்கே கல் சிக்கினால் கணைய நீருக்குப் போக வழியில்லை. குடலில் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி, அதையே அரிக்கின்றன. மேல்வயிற்றிலிருந்து முதுகுவரை பாய்ந்த அந்த வலி இதனால்தான். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். இரவெல்லாம் தலையணையைக் கட்டிக்கொண்டு அப்படியேதான் இருந்தாள்.

"மறைவாகக் குடித்திருப்பாரோ" என்று சிலர் கேட்டது உண்மையிலேயே வலித்தது. திடீர்க் கணைய அழற்சிக்குப் பெரும்பாலான நாடுகளில் முதல் காரணமே பித்தக்கல்தான், மது அடுத்ததுதான். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1000 mg/dL-ஐத் தாண்டினாலும், கால்சியம் கூடினாலும், அசாதியோப்ரின் (நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து) போன்ற சில மருந்துகளாலும் வரலாம். கணையத்திலேயே கல் உண்டாகும் நாள்பட்ட வகை கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உண்டு. அக்காவுக்குப் பித்தக்கல்லைத் தவிர இவை எதுவும் இல்லை.

அப்புறம், வீட்டுக்கு அனுப்பாமல், இப்போது மருத்துவமனையில் இருக்கும்போதே பித்தப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். தள்ளிப்போட்டால் இன்னொரு கல் இறங்கலாம். சம்மதித்துவிட்டோம். புதன்கிழமை அறுவை சிகிச்சை.