கல்லூரித் திட்டக்குழுவில் என்னைப் போட்டது கையெழுத்துக்கு மட்டும்தானா?

கோத்தகிரி தையல் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்தும் சமுதாயக் கல்லூரியில் ஆறு வருடமாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். பத்தாவதோடு நின்ற பெண்கள், கொழுந்து பறிக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகள், இவர்கள்தான் எங்களிடம் வருபவர்கள்.

போன ஜூனில் ஐந்தாண்டுத் திட்டக்குழு என்று ஒன்பது பேரைப் போட்டு அதில் என்னையும் சேர்த்தார்கள். சந்தோஷமாக இருந்தது, ராத்திரி உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். இதுவரை மூன்று கூட்டம் நடந்திருக்கிறது, மூன்றிலும் அஜெண்டா கைக்கு வந்தது நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான். மூன்றாவது கூட்டத்தில், சேர்க்கை இல்லை என்று காரணம் காட்டி, தையல் வகுப்பை அடுத்த வருடம் நிறுத்துவதாக "விவாதித்து முடிவெடுக்கப்பட்டது" என்று ஏற்கனவே அடித்து வைத்த மினிட்ஸை நீட்டினார்கள். அதைப் பற்றி அந்த அறையில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

தேர்வு அட்டவணையும் கீழே சமவெளியில் இருக்கும் தலைமை அலுவலகம் போடுவதுதான். ஹோட்டல் படிப்புக்கு மே மாதம் தேர்வு வைத்திருக்கிறார்கள், ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கிற மாதத்தில் எந்த ஹோட்டல் பிள்ளைகளை வெளியே விடும்? சீசனில்தான் அவர்களுக்குக் கையில் காசும் தொழில் பழக்கமும் கிடைக்கும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. பிரின்சிபல் நல்ல மனிதர், ஆனால் "மேலே சொல்லிவிட்டார்கள் மேடம்" என்பதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை. எனக்கு வேலையை விடும் எண்ணமும் இல்லை, சண்டையும் வேண்டாம். இந்தக் குழு நிஜமாகவே பேசி முடிவெடுக்கிற குழுவாக மாற ஏதாவது வழி இருக்கிறதா?

ஊட்டி ஓய்வுப் பேராசிரியர்

அம்மா, கையெழுத்துப் போடாமல் வந்தது சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் "உறுப்பினர் வரவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நாளைக்கே குழுத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். இந்தத் தேதிக் கூட்டத்தில் நான் இருந்தேன், தையல் வகுப்பு பற்றி விவாதம் நடக்கவில்லை, இதை மினிட்ஸில் சேர்க்க வேண்டும், அவ்வளவு போதும். நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரியில், படிப்பின் தரத்தை உள்ளிருந்தே கவனிக்கும் உள்தர உறுதிக் குழு (IQAC) வந்த புதிதில் நாங்களும் அதைச் சடங்காகத்தான் நினைத்தோம். ஆனால் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) அதற்கு வகுத்த விதிகளைப் பாருங்கள்: காலாண்டுக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் இருந்தால்தான் கூட்டம் செல்லும், அஜெண்டாவும் மினிட்ஸும் எடுத்த நடவடிக்கை பற்றிய அறிக்கையும் கையெழுத்தோடு பதிவில் இருக்க வேண்டும். ஆசிரியர் மட்டும் போதாது, நிர்வாகம், மாணவர், பழைய மாணவர், ஊர்க்காரர், வேலை கொடுப்பவர் தரப்பும் அதில் உட்கார வேண்டும். உங்கள் கல்லூரி நாக் மதிப்பீட்டுக்குப் போகாததாக இருக்கலாம், அதனால் என்ன, "இந்த மாதிரியில் நமக்கும் ஒரு பக்க விதி எழுதிக்கொள்வோம்" என்று கேட்பதை யாரும் கலகம் என்று சொல்ல முடியாது. முக்கியமாக அந்த நடவடிக்கை அறிக்கையைக் கேளுங்கள். போன கூட்டத்தில் சொன்னது என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு கூட்டமும் அதில் தொடங்கினால், பொய்யான மினிட்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் நிற்காது.

பண்ணைக்காட்டுக்காரன்

டீச்சர், எனக்குச் சொந்த ஊர் பழனி மலையில் பண்ணைக்காடு, இப்போது கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். இங்கேயும் குழுக்களில் தூங்கி வழிகிற நாட்கள் உண்டு, ஆனால் ஒரு விஷயத்தில் இவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். 1988-இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, எந்தெந்த விஷயத்தில் நிர்வாகக் குழு, ஆசிரியர்களின் பிரதிநிதிகள் கூடும் ஆசிரியர் பேரவையைக் கலந்தே ஆக வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். பாடத்திட்டம், மதிப்பெண் முறை, படிப்புகளை மறுஆய்வு செய்யும் முறை, திட்டமிடலும் பட்ஜெட்டும் தயாராகும் முறை என்று பத்து, அப்புறம் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் சேரும் வேறு விஷயங்கள். அதனால் பேச்சுவழக்கில் "பத்து கூட்டல் ஒன்று" என்போம்.

ஒவ்வொன்றுக்கும் நிர்வாகம் இரண்டில் ஒரு வழியை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஒன்று, பெரும்பாலும் ஆசிரியர் சொல்வதையே ஏற்பது. அப்படி ஏற்காவிட்டால், பேரவை கேட்கும்போது காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இன்னொன்று, இரண்டு பேரும் ஒத்துப்போவது. ஒத்துப்போகவில்லையென்றால் வழக்கமாக இருக்கிற கொள்கையே தொடரும், சட்டச் சிக்கலோ பெரிய பணநெருக்கடியோ வந்தால்தான் மாற்றலாம். மாணவருக்கும் அலுவலக ஊழியருக்கும் தனித்தனியாக விதி இருக்கிறது. நிர்வாகக் குழுவின் வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே அஜெண்டா பொதுவில் ஒட்டியாக வேண்டும்.

அந்தச் சட்டம் கோத்தகிரியில் செல்லாது, தெரியும். ஆனால் "எந்த விஷயத்தில் எங்கள் சொல் முடிவு, எந்த விஷயத்தில் வெறும் ஆலோசனை, மறுத்தால் காரணம் எழுதித் தருவீர்களா" என்ற மூன்று கேள்வியை உங்கள் பிரின்சிபலிடம் கேட்கலாமே. ஆலோசனை மட்டும்தான் என்று நேராகச் சொன்னால்கூட அது இப்போதைய நிலைமைக்கு எவ்வளவோ மேல்.

கூடலூர் பழைய மாணவி

அக்கா, நான் வேறொரு சமுதாயக் கல்லூரியில் நோயாளி பராமரிப்பு படித்தேன். எங்கள் திட்டக்குழுவில் மாணவர் பிரதிநிதி என்று என் தோழியின் பெயர் இருந்தது, அவள் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை, ஏனென்றால் கூட்டம் நாலரை மணிக்கு. அதற்குள் அவள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் கிளம்பிவிடும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் வராது. கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வையுங்கள் என்று கேட்க அவளுக்குப் பயம், நாங்களும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உங்கள் குழுவில் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? தையல் முடித்துவிட்டு வீட்டில் மெஷின் போட்டுப் பிழைக்கிற அக்காக்கள் இரண்டு பேர் வந்து பேசினால், "சேர்க்கை இல்லை" என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

கோத்தகிரி தையல் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. சார் சொன்னபடி கடிதம் கொடுத்துவிட்டேன், நகலில் முத்திரையும் வாங்கிவிட்டேன். கூடலூர் தங்கச்சி கேட்டது மனதில் குத்தியது, எங்கள் ஒன்பது பேரில் ஒரு மாணவிகூட இல்லை, நானும் இத்தனை நாள் அதைக் கவனிக்கவில்லை. பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, படித்து முடித்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருக்கிறேன், இதுவரை பதினான்கு பேர் தைத்துச் சம்பாதிக்கிறார்கள் என்று தெரிந்தது. பண்ணைக்காட்டு சாரின் மூன்று கேள்வியையும் பிரின்சிபலிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுதிக் கொடுங்கள், அடுத்த கூட்டத்தில் முதல் அஜெண்டாவாக வைக்கிறேன்" என்றார். கூட்டம் வருகிற சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு.